நங்கூரத்தில் நிற்கும் உரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் உலகச் சந்தையின் உர விலை குறித்து எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நாடு பணநெருக்கடியில் இருக்கும்போது துறைமுகத்தில் உரக் கப்பல்களுக்கு என்ன நேர்கிறது என்பதே அவற்றுள் பெரும்பாலானவற்றின் மையம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் பதில் தருகிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2022ஆம் ஆண்டு சிறுபோக நெற்பருவத்தின்போது, இந்தியக் கடனுதவியில் யூரியாக் கப்பல் கொழும்புக்கு வந்துவிட்டதாகச் செய்தியில் கேட்டோம். ஆனால் எங்கள் ஊரில் உரம் தரும் கமநல சேவை நிலையத்துக்குப் பசளை (உரம்) வந்து சேர்ந்தபோது, என் வயலுக்கு அதைப் போட வேண்டிய காலம் கடந்துவிட்டது. கப்பல் வந்த பின்னரும் ஏன் இத்தனை தாமதம்? துறைமுகமே முடங்கிப் போயிருந்ததா?
(கிளிநொச்சியிலிருந்து ஒரு விவசாயி)

பதில்: கப்பல் வருவதற்கு முன் நேர்ந்த தாமதமும் வந்த பின் நேர்ந்த தாமதமும் சேர்ந்துதான் உங்கள் வயலைப் பாதித்தன. இவற்றோடு ஒப்பிட்டால் நடுவில் இருந்த துறைமுகத்தின் பங்கு சிறியது. பாரந்தூக்கிகள் அங்கேயேதான் இருந்தன, தொழிலாளர்களும் இருந்தார்கள். இறக்குவதற்கு உரிய நேரத்தில் உரம்தான் வரவில்லை.

முன் நேர்ந்ததை முதலில் பார்ப்போம். 2021 மே மாதத் தொடக்கத்தில் வெளியான வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. முழு நாட்டையும் சேதன (இயற்கை உர) வேளாண்மைக்கு மாற்றுவது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தும் எண்ணமும் உடன் இருந்தது என்பதை அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். 2020இல் பசளை இறக்குமதிக்கு இலங்கை செலவிட்டது ஏறத்தாழ 26 கோடி டாலர். 2021 நவம்பரில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டபோது இரண்டு நிலைமைகள் மாறிவிட்டிருந்தன. 2021 ஜனவரியில் டன் ஒன்றுக்கு 265 டாலர் அளவில் இருந்த யூரியாவின் உலக விலை, ஆண்டு முடிவதற்குள் மூன்று மடங்கைத் தாண்டி, 2022 ஏப்ரலில் 925 டாலரைத் தொட்டது. அதே ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. மே மாதத்தில் அரசு உடனடியாகப் பயன்படுத்தக்கூடிய டாலர் கையிருப்பு 5 கோடிக்கும் கீழே போய்விட்டது.

இந்த நிலையில் ஓர் இறக்குமதியாளர் என்ன செய்ய முடியும் என்பதுதான் விடயத்தின் கரு. உரத்தை விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் சரக்கைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன், வாங்குபவரின் வங்கி எல்.சி. எனப்படும் உறுதிக் கடிதத்தைத் திறக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பத்திரிகைகள் நாணயக் கடிதம் என்று எழுதுவது இதைத்தான். ஆவணங்கள் சரியாக இருந்தால் இத்தனை டாலரைத் தருகிறேன் என்று வங்கி அதில் வாக்குக் கொடுக்கிறது. அந்த வங்கி இருக்கும் நாட்டிடமே டாலர் இல்லை என்று தெரிந்துவிட்டால், அந்த வாக்கை யாரும் நம்புவதில்லை. மூன்றாவது நாட்டு வங்கியொன்று அதை உறுதிப்படுத்தித் தர வேண்டும் என்பார்கள். அதற்கும் யாரும் முன்வராதபோது, முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பு என்பார்கள். இந்தப் பேச்சு வார்த்தையிலேயே இரண்டு மாதம் கழிந்துவிடும். அந்த இரண்டு மாதமும் துறைமுகத்தின் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, ஏனெனில் கப்பலே இன்னும் புறப்பட்டிருக்காது.

இந்தியாவின் எக்சிம் (ஏற்றுமதி இறக்குமதி) வங்கி வழியாக 5.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு 2022 ஜூன் 10ஆம் தேதி கையெழுத்தானதன் பயன் இங்கேதான் இருந்தது: விற்பவருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அது விடை தந்தது. ஒரு மாதத்துக்குள், 44,000 டன்னுக்கு மேற்பட்ட யூரியா வந்து சேர்ந்துவிட்டதை ஜூலை 10ஆம் தேதி இந்தியத் தூதர் வேளாண்மை அமைச்சரிடம் முறைப்படி தெரிவித்தார். அதற்கு முந்தைய நாள் கொழும்பில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் மக்கள் திரள் புகுந்திருந்தது என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இனி, பின் நேர்ந்தது. 44,000 டன் என்பது 50 கிலோ மூட்டைகளில் 8,80,000. நாளொன்றுக்கு 4,000 டன் இறக்குவதாக வைத்துக்கொண்டால், அது மழை குறுக்கிடாத நிலையில் நல்ல வேகந்தான், கப்பலை வெறுமையாக்கவே 11 நாள் ஆகும். லொறி ஒன்றுக்கு 10 டன் என்றால் 4,400 நடை. அந்த நாட்களில் டீசல் எங்கே இருந்தது? ஜூன் 27ஆம் தேதி அரசு, அத்தியாவசியச் சேவைகளைத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் விற்பதில்லை என்று இரண்டு வாரங்களுக்கு நிறுத்திவைத்திருந்தது. பசளைக்கு முன்னுரிமை கொடுக்கப்பட்டாலும், கிளிநொச்சிவரை சென்று திரும்ப வேண்டிய ஒரு லொறிக்காரர் திரும்பும் வழிக்கு எரிபொருள் கிடைக்குமா என்று யோசிக்காமல் சாவியைத் திருகியிருக்க மாட்டார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நெற்பயிரின் கணக்கு ஒன்று இருக்கிறது. மே நடுவில் விதைத்த மூன்றரை மாத நெல்லுக்கு யூரியாவின் கடைசித் தவணையை ஏழாவது வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்த வாரம் ஜூலைத் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே கப்பல் கரையைத் தொட்ட அன்றே உங்கள் வயலைப் பொறுத்தவரை அது பிந்திவிட்டது. பிந்தி விதைத்தவர்களுக்குத்தான் அந்தச் சரக்கு உதவியிருக்கும்.

கேள்வி: 'டெமரேஜ்' என்ற சொல் நெருக்கடிச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. இது துறைமுகத்துக்குக் கட்டும் அபராதமா? நெருக்கடிக் காலத்தில் ஏன் இது திடீரெனப் பெருகுகிறது?
(தூத்துக்குடியிலிருந்து ஒரு வணிகவியல் மாணவி)

பதில்: பாடப்புத்தகத்தில் இது பெரும்பாலும் குழப்பமாகவே சொல்லப்பட்டிருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். துறைமுகத்துக்கு நீங்கள் கட்டுபவை வேறு: கப்பல் துறைமுகத் தளத்தில் நிற்பதற்கான வாடகை, கொட்டகையில் இலவச நாட்கள் தீர்ந்த பிறகு சரக்குக்கு ஏறும் வாடகை முதலியவை. டெமரேஜ் என்பது கப்பலின் உரிமையாளருக்கு, கப்பலை வாடகைக்கு எடுத்தவர் கொடுக்க வேண்டிய தாமதக் கட்டணம். பேச்சு வழக்கில் கொட்டகை வாடகையையும் டெமரேஜ் என்றே சொல்லிவிடுவதால்தான் குழப்பம்.

கப்பலை வாடகைக்கு எடுக்கும்போதே, சரக்கை இறக்க இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வார்கள். கப்பல் வெளித்துறையில் நங்கூரமிட்டு, 'வந்துவிட்டேன், இறக்கத் தயாராக இருக்கிறேன்' என்று மாலுமித் தலைவர் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்ததும், ஒப்பந்தத்தில் சொன்ன சில மணி நேரத்துக்குப் பின் கடிகாரம் ஓடத் தொடங்கும். மழை பெய்யும் நேரம் பொதுவாகக் கணக்கில் சேராது, ஏனெனில் யூரியாவை மழையில் இறக்க முடியாது. ஆனால் வாங்குபவரின் வங்கி பணம் அனுப்பவில்லை, மூல ஆவணங்கள் வந்து சேரவில்லை, சுங்கத்தில் ஒரு தாள் குறைகிறது என்பன போன்ற காரணங்களுக்காக அந்தக் கடிகாரம் பொதுவாக நிற்பதில்லை. ஒப்புக்கொண்ட நாட்கள் தீர்ந்ததும் டெமரேஜ் தொடங்குகிறது. அது தொடங்கிய பின் மழையும் உதவிக்கு வராது. தாமதத்துக்குள் விழுந்தவருக்கு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அதன் பின் விலக்குகள் எதுவும் இல்லை என்பது கப்பல் தொழிலில் பழைய விதி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 20,000 டாலர் என்று பேசிய கப்பல், பணம் கட்ட முடியாமல் இருபது நாள் கூடுதலாக நின்றால் 4 லட்சம் டாலர். கப்பலில் 30,000 டன் இருந்தால் டன்னுக்கு 13 டாலருக்குமேல் விலை ஏறிவிட்டது என்று பொருள், அதுவும் ஒரு குருணை உரம்கூட இறங்குவதற்கு முன்பே. இதில் கவனிக்க வேண்டியது நாணயம். துறைமுகத்தின் கொட்டகை வாடகையை உள்நாட்டுப் பணத்தில் கட்டலாம். நெருக்கடி வந்தால் அரசு அதைத் தள்ளுபடியும் செய்யலாம். டெமரேஜ் டாலரில் கொடுக்க வேண்டியது. டாலர் இல்லாததால் நிற்கும் கப்பல், நிற்பதற்காகவே மேலும் டாலர் கேட்கிறது. 2022இல் இலங்கைக் கடற்பரப்பில் எரிபொருள் கப்பல்களும் சமையல் எரிவாயுக் கப்பல்களும் பணத்துக்காகக் காத்து நின்றபோது நடந்ததும் இதுவே.

என் அனுபவத்தில் இந்தச் சண்டைகள் எல்லாம் ஒரே ஒரு தாளில் வந்து முடியும். எந்த மணிக்குக் கப்பலின் எந்தச் சரக்கறை திறந்தது, எப்போது மழை, எப்போது கிராப் (சரக்கை அள்ளும் இயந்திரக் கை) பழுது என்று நிமிடக் கணக்கில் எழுதும் நிகழ்ச்சிப் பட்டியல் அது. ஒருமுறை நவம்பர் மாதத்தில், பிற்பகல் ஒன்றரை மணிக்குத் தூறல் தொடங்கி அறைகளை மூடிவிட்டார்கள் என்று எங்கள் கணக்கர் எழுதியிருந்தார். கப்பலின் அதிகாரி இரண்டு பத்துக்குத்தான் மழை என்று எழுதியிருந்தார். நாற்பது நிமிடம். கப்பலின் மேல்தளத்தில் நனைந்த சட்டையோடு நின்று அரை நாள் அதற்காக வாதாடினோம். சுமுகமான காலத்தில் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு நடுவில் ஒரு நேரத்தை எழுதிவிடுவார்கள். பணம் இறுகிய காலத்தில் அந்தச் சிரிப்பு வராது. இரு அலுவலகங்களிலும் யாரோ ஒருவர் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விளக்கம் கேட்டுக்கொண்டிருப்பார்.

கேள்வி: பொருளாதாரம் சரிந்தால் உலகச் சந்தையில் உர விலையும் சரியத்தானே வேண்டும்? அப்போது மலிவாக வாங்கி இறக்கிக்கொள்ளலாம் அல்லவா? எங்கள் ஊரில் மந்தக் காலத்தில்தான் தட்டுப்பாடு வருகிறது.
(பட்டுக்கோட்டையில் உரக்கடை நடத்தும் வாசகர்)

பதில்: சரிவு இரண்டு வகை. ஒரு நாட்டிடம் மட்டும் டாலர் இல்லாமல் போவது ஒரு வகை. அப்போது உலக விலை அந்த நாட்டுக்காகக் குறையாது. உலகம் முழுவதும் ஒன்றாகச் சரிவது இன்னொரு வகை. அப்போது விலை விழும். ஆனால் விழுகிற விலையிலும் துறைமுகம் நிம்மதியாக இருப்பதில்லை.

2008ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு நடுப்பகுதியில் யூரியா டன் 800 டாலரை நெருங்கியது, டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) 1,200 டாலர்வரை போனது. செப்டம்பரில் அமெரிக்க வங்கிகள் சரிந்த பிறகு, ஆண்டு முடிவதற்குள் யூரியா 250 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. ஜூலையில் உச்ச விலையில் ஒப்பந்தம் போட்டவரின் கப்பல் அக்டோபரில் வந்து நிற்கிறது என்று வையுங்கள். பக்கத்திலேயே இன்னொருவர் பாதி விலையில் வாங்கத் தயாராகிறார். முதலாமவருக்குச் சரக்கை இறக்கினால் நட்டம், இறக்காவிட்டால் டெமரேஜ். எடையில் குறை, தரத்தில் குறை, ஆவணத்தில் எழுத்துப்பிழை என்று ஏதாவதொன்றைப் பிடித்துக்கொண்டு ஒப்பந்தத்திலிருந்து விலகப் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட காலத்தில் சரக்கைச் சோதிக்க வரும் பரிசோதகர்களின் மதிப்பு திடீரென்று உயர்ந்துவிடும். மற்ற நாட்களில் தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவைப்போம்.

விலை விழும் காலத்தில் எல்லாரும் இன்னும் விழட்டும் என்று காத்திருப்பார்கள் என்பது அடுத்த சிக்கல். பொட்டாஷ் முழுவதையும் இந்தியா இறக்குமதிதான் செய்கிறது. 2008இல் டன்னுக்கு 625 டாலருக்கு ஒப்புக்கொண்ட விலையை, 2009 ஜூலையில் 460 டாலராகக் குறைத்துத்தான் இந்திய நிறுவனங்கள் புதிய ஒப்பந்தம் போட்டன. பேரம் நியாயமானதே. ஆனால் பேரம் நடக்கும் மாதங்களில் கப்பல்கள் வருவதில்லை. பேரம் முடிந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. நீங்கள் மந்தக் காலத்தில் பார்க்கும் தட்டுப்பாடு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. கப்பல்கள் கும்பலாக வரும்போது கொட்டகையில் இடம் இராது, சாக்கு இராது, ரயில்வே தரும் ரேக் (ஒரு முழுச் சரக்கு ரயில்) போதாது. ஒரு ரேக்கில் 2,600 டன்னுக்கு மேல் ஏற்றலாம். 40,000 டன் கப்பலுக்கு அப்படிப் பதினைந்து ரேக் வேண்டும்.

யூரியாவின் கதை சற்று வேறு. இந்தியாவில் அதன் இறக்குமதி அரசின் கணக்கில், அரசு குறிப்பிடும் நிறுவனங்கள் வழியாகத்தான் நடக்கிறது. நீங்கள் கடையில் விற்கும் 45 கிலோ மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. 2022 ஏப்ரல் விலையில் அந்த 45 கிலோவின் இறக்குமதி மதிப்பு மட்டும் மூவாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. இடையில் உள்ள தொகையை அரசு மானியமாகச் சுமக்கிறது. ஆகையால் இங்கே நெருக்கடி வந்தால் விவசாயிக்கு முதலில் தெரிவது விலை உயர்வு அன்று, வரத்துக் குறைவு. 1991இல் நாட்டின் செலாவணி சில வாரத் தேவைக்கே போதுமான அளவுக்கு வற்றியபோது உர விலையை அரசு உயர்த்தியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டிலேயே வைத்திருந்தது. வயல்களில் யூரியா மிகுந்து மற்றவை குறைந்துபோன பழக்கத்துக்கு அந்த முடிவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: 2021இல் சீனச் சேதனப் பசளைக் கப்பல் ஒன்று மாதக்கணக்கில் இலங்கையைச் சுற்றிக்கொண்டிருந்ததே! வேண்டாத சரக்கைத் திருப்பி அனுப்ப ஏன் அவ்வளவு நாள்? இறுதியில் பணமும் கொடுத்தார்கள் என்கிறார்களே?
(மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கப்பலின் பெயர் ஹிப்போ ஸ்பிரிட். சீனாவின் சிங்டாவ் சீவின் நிறுவனத்திடம் 99,000 டன் சேதனப் பசளை வாங்க ஒப்பந்தமாகியிருந்தது. அதில் 20,000 டன்னுடன் இந்தக் கப்பல் 2021 செப்டம்பர் இறுதியில் புறப்பட்டது. அதற்கு முன்பே, அனுப்பிய மாதிரிகளில் எர்வினியா என்ற வகைப் பாக்டீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை கண்டறிந்து, சரக்குக்கு அனுமதி மறுத்துவிட்டது. அந்தச் சோதனை முறையே தவறு என்று நிறுவனம் வாதிட்டது.

கவனியுங்கள்: அனுமதி இல்லாத சரக்குடன் கப்பல் புறப்பட்டு வந்தது. ஏன் வந்தது? எல்.சி. திறக்கப்பட்டிருந்தது. வங்கியின் உறுதிக் கடிதம் பார்ப்பது சரக்கை அன்று, ஆவணங்களை. கப்பலில் ஏற்றியதற்கான சான்றும் பட்டியலும் கடிதத்தில் கேட்டபடி இருந்தால், மூட்டைக்குள் பாக்டீரியா இருந்தாலும் வங்கி பணம் கொடுத்தாக வேண்டும். அதைத் தடுக்க ஒரே வழி நீதிமன்றம்தான். இலங்கை அரசின் உர நிறுவனம் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போய், எல்.சி. திறந்திருந்த இலங்கை அரசு வங்கியான மக்கள் வங்கி பணம் கொடுப்பதற்குத் தடை உத்தரவு பெற்றது. பதிலுக்கு அக்டோபர் இறுதியில் சீனத் தூதரகத்தின் பொருளாதாரப் பிரிவு மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது.

இங்கேதான் நெருக்கடி நுழைகிறது. வசதியான நாடு இந்த வழக்கைப் பொறுமையாக நடத்தியிருக்கும். ஆனால் அப்போது இலங்கையின் வங்கிகள் கொடுக்கும் ஒவ்வோர் உறுதிக் கடிதமும் ஏற்கனவே சந்தேகத்துடன் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது, 'இவர்களின் எல்.சி. நீதிமன்றத்தில் நிற்கும்' என்ற பெயர் மேலும் பரவினால் அடுத்து அரிசிக்கும் மருந்துக்கும் யாரும் கடிதத்தை ஏற்க மாட்டார்கள். சீனாவிடம் கடன் உதவிப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அதனால் 2022 ஜனவரியில் ஏறத்தாழ 70 லட்சம் டாலர் கொடுத்து விவகாரம் முடிக்கப்பட்டது. கொழும்புத் துறைமுகத்தில் அந்தச் சரக்கின் ஒரு மூட்டைகூட இறங்கவில்லை. தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். சரக்கு ஏறுவதற்கு முன், தகுதிச் சான்று கிடைத்தால்தான் பணம் என்று கடிதத்திலேயே எழுதாமல் விட்டதுதான் பிழை. அவசரத்தில் எழுதும் ஒப்பந்தங்களில் முதலில் விடுபடுவது இந்த வரிதான்.

கேள்வி: உரம் துறைமுகத்தில் மாதக்கணக்கில் தேங்கினால் பெய்ரூட்டில் நடந்தது போல வெடிக்குமா? எங்கள் வீடு துறைமுகத்துக்கு அருகில் இருப்பதால் கேட்கிறேன்.
(சென்னை, ராயபுரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் ஆகியவை அவ்வாறு வெடிப்பவை அல்ல. பெய்ரூட்டில் 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி வெடித்தது 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். அந்தச் சரக்கு அங்கே தேங்கிய விதம் நம் பேச்சுக்கு மிகவும் நெருக்கமானது. ஜார்ஜியாவிலிருந்து மொசாம்பிக் செல்லப் புறப்பட்ட ரோசஸ் என்ற கப்பல் 2013 நவம்பரில் பெய்ரூட்டுக்குள் வந்தது; கடலில் செல்லத் தகுதியில்லை என்று நிறுத்தப்பட்டது, துறைமுகக் கட்டணமும் கட்டப்படவில்லை. உரிமையாளர் கப்பலையும் மாலுமிகளையும் கைவிட்டுவிட, சரக்கு 2014இல் 12ஆம் எண் கொட்டகைக்கு மாற்றப்பட்டு ஆறு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. பணம் இல்லாத ஒருவரின் சரக்கைத் துறைமுகம் எடுத்து வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று எந்த அலுவலகமும் முடிவெடுக்காமல் விட்ட கதை அது.

உங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த 740 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கொள்கலன்களில் மணலியில் இருந்தது. பெய்ரூட் செய்தி வந்த பிறகுதான் எல்லாருக்கும் அது நினைவுக்கு வந்தது. அதே ஆகஸ்டில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 697 டன்னை ஐதராபாத்துக்கு அனுப்பி முடித்தார்கள். இந்தியாவில் இப்போது அம்மோனியம் நைட்ரேட்டை வைத்திருக்கத் தனி விதிகளும் உரிமமும் உண்டு என்பதால் சாதாரண உரக் கொட்டகையில் அதை வைக்க முடியாது.

தேங்கும் யூரியாவுக்கு வரும் கேடு வேறு. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி மேலே போனால் அது ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். நம் கடற்கரையில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். புதிதாக இறக்கிய குவியலில் நின்றால் காலடியில் சர்க்கரை போலச் சரியும். இறக்குமதி யூரியாவுக்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம் என்பதால் துறைமுகத்திலேயே தெளித்துவிட்டு மூட்டை கட்டுவார்கள். கொட்டகை முழுவதும் அந்தக் கசப்பு நெடி வீசும். இரண்டு மாதம் கழித்து அதே குவியலின் அருகே போனால் மேற்பரப்பு பாறைபோல இறுகியிருக்கும். ஆட்கள் கடப்பாரையால் குத்தி உடைப்பார்கள், கீழ் அடுக்கு மூட்டைகள் செங்கல்லாகியிருக்கும். சத்து பெரிதாகக் குறைந்திராது, ஆனால் அதை வயலில் சீராக வீச முடியாது. உடைக்கும் கூலியும் கிழிந்த சாக்கின் விலையும் மீண்டும் மூட்டை கட்டும் செலவும் யாருடைய கணக்கிலோ ஏறும்.

கேள்வி: உரக் கப்பல் வந்துவிட்டது என்று அரசும், வரவில்லை என்று எதிர்க்கட்சியும் சொல்கின்றன. சாதாரண ஆள் இதைச் சரிபார்க்க வழி உண்டா?
(காரைக்காலிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உண்டு, எளியதுதான். பெரிய துறைமுகங்கள் நாள்தோறும் கப்பல் நிலைப் பட்டியல் வெளியிடுகின்றன. அதில் தளத்தில் நிற்பவை, நங்கூரத்தில் காத்திருப்பவை, வரவிருப்பவை என்று மூன்று பிரிவுகள் இருக்கும். சரக்கின் பெயரும் டன் அளவும் உடன் இருக்கும். 'வந்துவிட்டது' என்று ஒருவரும் 'வரவில்லை' என்று இன்னொருவரும் சொல்லும் கப்பல் பெரும்பாலும் நடுப் பிரிவில் இருக்கும். தட்டுப்பாட்டு நாட்களில் உரக் கப்பலுக்குத் தளத்தில் முன்னுரிமை தருவது வழக்கம் என்பதால், தளம் காலியாக இருந்தும் அது ஒரு வாரத்துக்குமேல் நங்கூரத்திலேயே நின்றால், வானிலையைவிட ஆவணத்தையோ பணத்தையோ சந்தேகிக்கலாம். சில நேரம் இன்னொரு காரணமும் இருக்கும்: ஒரே கப்பல் இரண்டு துறைமுகங்களுக்கான சரக்கைக் கொண்டுவந்து, ஆழமான துறைமுகத்தில் பாதியை இறக்கிவிட்டு மீதியோடு அடுத்த துறைமுகத்துக்கு வருவதுண்டு.

பட்டியல் கிடைக்காவிட்டால் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். சரக்குக் கப்பல்கள் பலவற்றில் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பகுதிக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். நிறை சரக்குடன் நிற்கும் கப்பலில் அந்தச் சிவப்பு தண்ணீருக்கு மேலே கோடளவுதான் தெரியும். இறக்கி முடித்த கப்பலில் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு தெரியும். நேற்றும் இன்றும் அது ஒரே அளவில் இருந்தால், ஒரு கிராப் சரக்குகூட இன்னும் மேலே வரவில்லை.